அடங்கலில் இல்லாத பெயர்: கடைமடை ஊர் ஒன்றில் ஒரு குத்தகை விவகாரம்

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் 2022 அக்டோபரில் தொடங்கி 2025 பிப்ரவரி வரை இழுத்த ஒரு விவகாரத்தின் பதிவு இது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழும் ஓர் அம்மாவின் பெயர், எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று சொல்லும் ஊர்க் கணக்கான அடங்கலில் இல்லாமல் போனதுதான் விவகாரம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர், கோயில், அலுவலகம் எதற்கும் பெயர் சொல்லவில்லை. புல எண்களையும் விட்டுவிட்டேன். நான் நில அளவைத் துறையில் குறுவட்ட அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலையில் என்னோடு இருவர் இருந்தார்கள்: பக்கத்து ஊரில் இ-சேவை மையம் நடத்தும் இளைஞர் ஒருவர், சட்டம் முடித்துவிட்டு மயிலாடுதுறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பெண் ஒருவர்.

## நிலமும் ஆளும்

அந்த அம்மாவுக்கு அப்போது வயது 58. சாகுபடி ஒன்பது மா. எங்கள் பக்கம் இன்றும் மாக் கணக்குதான். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நிலம் ஒரு சிவன் கோயிலுக்குச் சொந்தமான நஞ்சை. மாமனார் காலத்துக் குத்தகை. மாமனார் இறந்து கால் நூற்றாண்டாகிறது, கணவர் 2014இல் போனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மகளைக் கட்டிக்கொடுத்தது கும்பகோணம் பக்கம். உழவுக்கு டிராக்டர், நடவுக்குக் கூலி ஆள். நாற்றங்கால், வரப்பு, களை, ராத்திரியில் போய் மடை திறந்து தண்ணீர் கட்டுவது எல்லாம் இந்த அம்மாதான்.

குத்தகையை நெல்லாக அளந்தது ஒரு காலம், பிறகு பணமாகக் கட்டினார்கள். 2019 வரை மாமனார் பெயரிலேயே ரசீது வந்தது. அதன்பின் கோயில் அலுவலகம் பணத்தை வாங்கவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்: "செத்தவரு பேருல வாங்க மாட்டாங்களாம். உசுரோட இருக்கறவ பேரு புக்குல இல்லையாம். அப்ப நான் யாருக்கு சார் குத்தகை கட்டறது?"

## கணக்கு இருந்த இடங்கள்

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தக் காவிரிப் பாசனத்தில் நிலக் கணக்கு எழுதுவது ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை ராஜராஜன் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. முதலில் ஊரின் மொத்தப் பரப்பு, முந்திரிக்குக் கீழே போகும் பின்னம் வரைக்கும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அப்புறம் அதிலிருந்து கழிப்பவை: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), சுடுகாடு. மீதிக்கு வரி. அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்கள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேர் பெயரும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆக, ஆள் பெயர் எழுதத் தெரியாத அரசாங்கம் அல்ல அது. உழுதவன் பெயர் மட்டும் அந்த நிலப் பட்டியலில் இல்லை. அவன் குடியிருந்த சேரி, கழிக்க வேண்டிய பரப்பாக வருகிறது.

லெய்டன் செப்பேடு என்று சொல்லப்படும் ஆனைமங்கலம் செப்பேட்டை அளவைக்காரர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் விட்டுக்கொடுத்தது பற்றியது. மன்னன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுகிறவன் எழுதுகிறான், மேலே இருப்பவர்கள் ஒப்பிடுகிறார்கள், வரிப்பொத்தகத்தில் ஏறுகிறது, பிறகு பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டுகிறார்கள். படிக்கு ஓர் அதிகாரி, ஒவ்வொருவருக்கும் ஊர் பேர் உண்டு. இன்றைக்கு ஒரு பட்டா மாற்றத்துக்கு எத்தனை லாகின் தாண்டுகிறதோ, ஏறக்குறைய அதே அடுக்கு.

கல்லில் இருந்ததை வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. ஆனால் ஊர் முன்னால் இருந்தது, யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. ஓலைக்கும் பிறகு காகிதத்துக்கும் வந்தபோது கணக்கு கணக்குப்பிள்ளை வீட்டுக்குள் போயிற்று. பரம்பரை உத்தியோகம். வெள்ளைக்காரன் புல எண் போட்டான், வரைபடம் போட்டான், படிவம் அச்சடித்தான். அதை வைத்திருந்த வீடு மாறவில்லை. அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று "எம் பேரு இருக்குங்களா" என்று கேட்ட தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன்.

1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றக் கூடாது என்றது சட்டம். நான்தான் குத்தகைதாரன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? வாய்மொழிக் குத்தகைதான் அப்போது பெரும்பாலும். கணக்கு எழுதுகிறவர் மிராசுதாருக்கு வேண்டியவராக இருப்பார், அல்லது அவரே மிராசுதாராக இருப்பார். அதற்காக வந்ததுதான் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். உழுகிறவன் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும் என்றது. பயந்துகொண்டு பெயர் கொடுக்காதவர்கள் நிறையப் பேர். இந்த அம்மாவின் மாமனார் கொடுத்திருந்தார்.

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் (கணக்குப்பிள்ளைதான்), மணியம் பதவிகள் ஒழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்தார். அதே சமயத்தில் 1979 முதல் 1987 வரை நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால்தான் எல்லாருக்கும் புரியும். அதில் நானும் சங்கிலி பிடித்தவன். ஊர் ஊராகப் போய், புலத்தில் நின்று, "யார் பேரில் பட்டா?" என்று கேட்டோம். வரப்பில் மண்வெட்டியோடு நின்றவரைப் பார்த்து "நீங்கள் யார்?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்போது எழுதிய பட்டாக் கணக்குதான் பின்னால் கணினிக்குப் போய், இன்று 'தமிழ் நிலம்' மென்பொருளில் நிற்கிறது.

அந்த இணையச் சேவைக்கு 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று பெயர். பார்ப்பதற்கு அது உண்மை. திருப்பூரில் இருக்கும் மகன் ராத்திரி பதினொரு மணிக்கு, நில உடைமை விவரமான சிட்டாவைப் பார்க்கலாம், முன்பு அவன் தாத்தாவால் முடியாதது. ஆனால் பிழை இருந்தால் திருத்துகிற கை இப்போது ஊரில் இல்லை. கணக்குப்பிள்ளையைக் கெஞ்சவோ திட்டவோ முடிந்தது. ஆள் தெரிந்த எதிரி.

## 2022 அக்டோபர்: கண்டது

சம்பா நட்டு முடித்ததும் பயிர்க் காப்பீட்டுக்குப் போனார். கெடு நவம்பர் நடுவில். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். முன்பெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் கையால் அடங்கல் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த வருடம் புதிதாக வந்தவர் கணினி அடங்கலைத்தான் எடுத்துக் கொடுத்தார். அச்சில் பட்டாதாரர் கோயில். சாகுபடியாளரும் கோயில்.

வி.ஏ.ஓ. நல்ல மனிதர் என்பதைச் சொல்ல வேண்டும். "நீங்கதான் சாகுபடி பண்றீங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா என் லாகின்ல அந்தக் கட்டம் திறக்க மாட்டேங்குது" என்றார். வட்ட அலுவலகத்தில் விசாரித்தால் நில உரிமையாளரின் கடிதம் கேட்டார்கள். நில உரிமையாளரான கோயில் அலுவலகத்தில் கேட்டால், வருவாய்க் கணக்கில் பெயர் இருந்தால் கடிதம் தரலாம் என்றார்கள். மூன்று இடமும் ஒன்றையொன்று கைகாட்டின. யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. காப்பீடு மட்டும் நடக்கவில்லை.

அவர் எங்களிடம் வந்தது நவம்பர் கடைசியில். முதலில் கேட்டது, அவர் பெயர் எந்தக் காலத்திலாவது அடங்கலில் இருந்ததா என்பதுதான். கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் கோப்பில் 2016ஆம் ஆண்டு அடங்கல் நகல் ஒன்று கிடைத்தது. சாகுபடியாளர் கலத்தில் நீல மையில் அவர் பெயர், கீழே அப்போதைய வி.ஏ.ஓ. கையெழுத்து. ஆக, இருந்த பெயர் இடையில் போயிருக்கிறது. கணினியில் முதலில் ஏற்றியது உடைமையாளர் விவரம். அடங்கல் அதன் மேல் கட்டப்பட்டது. காகித அடங்கலில் வருடா வருடம் கையால் எழுதி வந்த சாகுபடியாளர் பெயர்களை யாரும் எடுத்து ஏற்றவில்லை. அழித்த கை என்று ஒன்று கிடையாது, எடுத்து எழுதும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. இது எங்கள் கணிப்புதான். ஆனால் அதே கோயில் நிலத்தில் சாகுபடி செய்யும் பதினேழு பேரிடம் கேட்டபோது பதினான்கு பேருக்கு இதே நிலை இருந்தது.

## இரண்டு மழை

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கமும் வடிகால்கள் எதிர்த்து நின்றன. அவர் வயலில் ஆறு நாள் தண்ணீர். பாதியை மறுபடி நட்டார், கடன் வாங்கி. பின்னர் 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், கதிர் முற்றி அறுக்க ஆள் சொல்லியிருந்த நேரத்தில், பருவம் தப்பிய மழை. பயிர் சாய்ந்தது.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலுக்கு வரும். கணினி அடங்கலை வைத்தா, நேரில் பார்த்தா என்பது தெளிவாக இல்லை. அவரிடம் ஒன்றுதான் சொன்னோம்: அவர்கள் வருகிற அன்று வரப்பை விட்டு நகராதீர்கள். காலை ஏழு மணியிலிருந்து நின்றார். வந்தவர்கள் கையில் இருந்தது கோடு போட்ட வெள்ளைத்தாள். சாய்ந்திருந்த ஆறு மாவுக்கு அவர் பெயரையே வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். பணம் பிறகு 16,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறியது. இந்த விவகாரம் முழுவதிலும் சீக்கிரம் முடிந்த ஒரே காரியம் இதுதான். பேனாவால் எழுத இடம் இருந்த ஒரே காரியமும் இதுதான்.

நெல் விற்பதில் நாங்கள் சொன்ன யோசனை தப்பு. அந்தப் பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,160 ரூபாய். 40 கிலோ சிப்பம் 864. அங்கே போடவும் அடங்கல் வேண்டும். பக்கத்து நிலக்காரர் ஒருவர் தன் பெயரில் போட்டுத் தருவதாகச் சொன்னார், சிப்பத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு. டெல்டாவில் இது புதிதல்ல. அப்படிப் போட்டால் அந்த நெல் பக்கத்து நிலக்காரர் விளைவித்ததாகக் கணக்கில் நிற்கும், நாளைக்கு விசாரணையில் எதிராக வரும் என்று வேண்டாம் என்றோம். ஈர நெல்லை வியாபாரியிடம் சிப்பம் 660க்குத் தள்ளினார். தேறியது 46 சிப்பம். நட்டம் சுமார் 9,400 ரூபாய். பின்னால் நடந்த விசாரணையில் கொள்முதல் நிலையத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

## எந்த வழி என்று முடிவு செய்தது

முதலில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். மூன்று வாரத்தில் "மனு முடிக்கப்பட்டது" என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. என்ன முடிந்தது என்பது அதில் இல்லை. அந்த வழியை விட்டோம்.

இரண்டாவது, கோயில் அலுவலகம் நீட்டிய படிவம். சீக்கிரமான வழி. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் அவர் பெயரில் புதுக் குத்தகை, ரசீது, கடிதம் எல்லாம் வரும். ஆனால் படிவத்தின் வாசகம், இதுவரை அனுமதியில்லாமல் நிலத்தை அனுபவித்து வந்ததாக அவரே ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. எங்களோடு இருந்த வழக்கறிஞர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் நேற்று வந்த ஆக்கிரமிப்பாளர், ஐம்பது வருடக் குத்தகை அத்தோடு போச்சு என்றார். கணினியில் முதன்முதலாக ஏறப்போகும் பதிவு எதுவோ, பிற்பாடு அதுவே ஆதியாகிவிடும் என்பது என் பயம். யு.டி.ஆரில் நாங்கள் எழுதியது அப்படித்தான் ஆதியாயிற்று.

அம்மாவிடம் இரண்டையும் சொல்லி முடிவை அவரிடமே விட்டோம். ஒரு வாரம் யோசித்தார். "என் மாமனாரு திருடி உழுவல" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

ஆகவே மூன்றாவது வழி: 1969 சட்டப் பதிவேட்டில் மாமனார் பெயர் இருப்பதைத் தேடி எடுத்து, வாரிசாக அவர் பெயருக்கு மாற்றக் கேட்பது. இடைக்காலத்தில் குத்தகைப் பாக்கி என்ற குற்றச்சாட்டு வராமல் இருக்க, கட்ட வேண்டிய தொகைக்கு வரைவோலை எடுத்துப் பதிவுத் தபாலில் கோயில் அலுவலகத்துக்கு அனுப்பினோம். முதல் உறை திரும்பி வந்தது. அதைப் பிரிக்க வேண்டாம் என்றோம். அஞ்சல் முத்திரையோடு பிரிக்காமல் இருப்பதுதான் சாட்சி.

## ஆவண அறை

"கணக்கன் கெட்டால் பழங்கணக்கைப் பார்ப்பான்" என்று கேலியாகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் பழங்கணக்கு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. பதிவேடு எழுதிய காலத்தில் அந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது. நடுவில் வட்டமும் ஒருமுறை பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் கோப்புகள் லாரியில் போயின. நடப்புக் கோப்புகளைத் தேடி எடுத்துப் போனவர்கள், குத்தகைப் பதிவேடு மாதிரி யாரும் கேட்காத புத்தகங்களை இருந்த இடத்திலேயே விட்டிருந்தார்கள்.

பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டோம். "இவ்வலுவலகத்தில் ஆவணம் இல்லை" என்று பதில். மேல்முறையீடு செய்யும்போது நகல் கேட்காமல், ஆவண அறையை நேரில் பார்வையிட அனுமதி கேட்டோம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. 2023 ஜூனில் பழைய வட்ட அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் இரண்டு நாள். மேல் அடுக்கில் ஒழுகல், கீழ் அடுக்கில் கரையான். நடு அடுக்கில் இருந்ததால் தப்பித்த புத்தகம் அது. 1972ஆம் ஆண்டு எழுத்து, அழகான கட்டைப் பேனா. நில உரிமையாளர்: கோயில். குத்தகைதாரர்: மாமனார் பெயர், தகப்பன் பெயரோடு. பரப்பு மூன்று ஏக்கர்.

சிக்கல் புல எண்ணில். பதிவேட்டில் இருந்த உட்பிரிவு இன்றைய கணக்கில் இல்லை. யு.டி.ஆர். சமயத்தில் ஒரு வாய்க்காலுக்காக அந்த உட்பிரிவை வெட்டி நான்காக்கியிருந்தார்கள். பழைய புலப்படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கல் எண், பக்க அளவு, வாய்க்காலின் வளைவு மூன்றையும் பொருத்தி, அதே நிலம்தான் இது என்று ஒரு ஒப்பீட்டு வரைபடம் போட்டேன். ஓய்வுபெற்ற அளவர் இல்லாத ஊரில் இதை யார் செய்வார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு ஆவண அறை அவர் வீட்டில் இருந்தது. ட்ரங்குப் பெட்டியில் மஞ்சள் துணிப்பை, உள்ளே வசம்புத் துண்டுகளோடு 41 குத்தகை ரசீதுகள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் முத்திரை இருக்கிற தாளைத் தூக்கிப் போடக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது. ஓலைச்சுவடிக்கு வைக்கிற வசம்பைக் காகிதத்துக்கும் வைத்திருக்கிறார்.

## விசாரணை

2023 ஆகஸ்டிலிருந்து 2024 மார்ச் வரை ஐந்து அமர்வு. பதிவு பெற்ற குத்தகைதாரரின் மரணத்தோடு குத்தகை முடிந்துவிட்டது என்று கோயில் தரப்பு சொன்னது. சட்டப்படி, வாரிசு தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உழைப்பையோ அந்தச் சாகுபடியில் போட்டால் அவரும் குத்தகைதாரரே. ஆக, நிரூபிக்க வேண்டியது உழைப்பை. உழைப்புக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

எங்களிடம் இருந்தவை: 2016 அடங்கல் நகல், கூட்டுறவுக் கடன் கோப்பு, உர ரசீதுகள் சில, நிவாரணப் பட்டியலில் அவர் பெயர், பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரின் வாக்குமூலம். மூன்றாவது அமர்வில் விசாரணை அலுவலர் அம்மாவிடமே நேராகக் கேட்டார், தண்ணீர் எந்த மதகிலிருந்து வருகிறது, முறை எப்படி என்று. வாய்க்கால் பெயர், மதகு, யாருக்கு அடுத்து யார், எந்த வருடம் யாரோடு சண்டை, எந்த மூலையில் தண்ணீர் ஏறாது, அதற்கு எத்தனை கூடை மண் அடித்தார் என்று கால் மணி நேரம் சொன்னார். எழுத்தர் முதல் மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பில் அது நான்கு வரியாகத்தான் இருக்கிறது.

மகனும் மகளும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் அவர் பெயருக்குப் பதிவை மாற்றி உத்தரவு வந்தது.

## உத்தரவுக்குப் பிறகு

உத்தரவு காகிதத்தில் இருந்தது. அடங்கலில் ஏற இன்னும் பதினொரு மாதம். ஆவண எண் கேட்ட கட்டத்தில் 1972 பதிவேட்டின் எண் வடிவம் பொருந்தவில்லை என்று ஒருமுறை திரும்பியது. ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில், அந்த வருடம் மறுபடி மனு கொடுத்தோம். 2024 சம்பாவுக்குக் காப்பீடு மட்டும் நடந்தது, உத்தரவு நகலையும் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட சாகுபடிச் சான்றையும் வைத்து.

அந்த நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. வேளாண் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியோடு வயலுக்கு வந்தார்கள், வெயிலில் பாவம், நல்ல பிள்ளைகள். புல எண்ணில் நின்று பயிரைப் படமெடுத்தார்கள், என்ன ரகம், எப்போது நட்டது என்று கேட்டார்கள். அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். யார் நட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, யு.டி.ஆருக்காகச் சங்கிலி பிடித்த 1984ஐ நினைத்துக்கொண்டேன்.

2025 பிப்ரவரியில் எடுத்த அச்சில் சாகுபடியாளர் கலத்தில் அவர் பெயர் இருந்தது. இ-சேவை மைய இளைஞர் அன்று கட்டணம் வாங்கவில்லை.

மற்ற பதினான்கு பேரில் ஏழு பேர் இதே வழியில் மனு போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் கோயில் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, காப்பீட்டுக் கெடு அவர்களுக்கும்தானே. மூன்று பேரிடம் ரசீது ஒன்றுகூட இல்லை.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

பதிவேட்டைத் தேடுவதில்தான் தொடங்கியிருக்க வேண்டும். குறைதீர் மனுவிலும் கடிதம் கேட்டு அலைந்ததிலும் மூன்று மாதம் போனது. தேடும்போது இன்றைய மாவட்டத்தில் கேட்பது பயனில்லை; பதிவு எழுதிய ஆண்டில் ஊர் எந்த வட்டத்தில் இருந்தது என்று பார்த்து, அந்தப் பழைய வட்ட அலுவலகத்தில் பார்வையிட அனுமதி கேட்க வேண்டும்.

நெல் விஷயத்தில், விற்பதை அவர் வசதிக்கு விட்டிருக்க வேண்டும். வழக்குக்கு எது நல்லது என்று நினைத்தோம், அந்த வாரம் அவர் கடன்காரருக்கு என்ன பதில் சொல்வார் என்பதை நினைக்கவில்லை.

இப்போது அந்த ஊரில் பசலி (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) முடியும் ஜூன் 30க்குள் ஒவ்வொருவரும் அடங்கல் அச்சு எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்கிறார்கள். ரசீதுகளைப் படமெடுத்து மூன்று கைப்பேசிகளில் வைத்தாயிற்று. லேமினேட் செய்யக் கிளம்பிய இருவரைத் தடுத்தோம். மூல ஆவணத்தின் மை, முத்திரை, தாள் எல்லாவற்றையும் விசாரணையில் தொட்டுப் பார்ப்பார்கள்.

2019க்குப் பிந்தைய குத்தகைத் தொகை இன்னும் தீரவில்லை. கோயில் தரப்பு புது விகிதத்தில் கேட்கிறது, பழைய விகிதம்தான் என்பது எங்கள் நிலை. திரும்பி வந்த தபால் உறை பிரிக்காமல் அதே ட்ரங்குப் பெட்டியில், வசம்போடு இருக்கிறது.